பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இது கைக்கு வரும்போது எந்தக் கடலில் இருக்கிறாயோ, உடம்பு நன்றாக இருக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு இனிமே என்ன பண்ணப் போறீங்க?” என்று மருத்துவர் கேட்டார். முதுகலை வேதியியல் படித்தவள், இருபத்து மூன்று வருடமாகக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மேசைமேல் இருந்த பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேராகவே எழுதிவிடுகிறேன். நான் குடித்துக்கொண்டிருந்தேன். பிராந்தி, ஒன்பது வருடம். உன்னிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு காலை, சொட்டுச் சொட்டாக விட வேண்டிய திரவம் என் கை நடுங்கி மொத்தமாகக் கொட்டிவிட்டது. நான் தோராயமாக ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன். பக்கத்து மேசைக்காரி அதே தண்ணீரை மறுபடி சோதித்ததால் யாருக்கும் கெடுதல் நேரவில்லை. ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது.

வேலை போகவில்லை. ஆறு மாதக் கெடு கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு வாசலில் காவலரிடம் இருக்கும் கருவியில் நான் ஊத வேண்டும். அது பூஜ்யம் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும், ‘இவர் இந்த வாரம் பீர் உள்ளிட்ட எந்த மதுவும் அருந்தவில்லை’ என்ற படிவத்தில் உன் அத்தான் கையெழுத்திட வேண்டும். இதில் எது ஒருநாள் தவறினாலும் வேலை இல்லை.

அத்தானைத்தான் தெரியுமே. ஊர் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற பல் டாக்டர். இப்போது வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் வாயை முகர்கிறார். “ஆ சொல்லு” என்கிறார். சொல்கிறேன்.

போனில் பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம். பதிலைச் சோதனைக்கூட முகவரிக்கு எழுது. அடுப்படியில் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

அக்கா

•

பிப்ரவரி 3

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நான் நலம், என் அடுப்பும் நலம். உன் கை எப்படி? நடுக்கம் நின்றதா?

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ‘நீயா’ என்று எழுத வந்தது, எழுதவில்லை. நம் வீட்டில் தசமப் புள்ளி என்று உனக்குப் பெயர். பரீட்சையில் அரை மார்க் குறைந்தாலும் விசாரிக்கப் போகிறவள். சரி, விடு. எனக்கு புத்தி சொல்ல வராது. சாப்பாடு போடத்தான் வரும்.

நான் வேலை செய்வது வறண்ட கப்பல். தண்ணீர் இல்லாத கப்பல் என்று நினைத்துவிடாதே. மதுவுக்கு அனுமதி இல்லாத கப்பல். இருபத்திரண்டு ஆண்பிள்ளைகள், நாலு பக்கமும் கடல், மாலையானால் எல்லாருக்கும் முகம் தொங்கிவிடும். அதனால் என் குளிர் அறையில் பதினான்கு வகை ஜீரோ பீர் வைத்திருக்கிறேன். பீர்தான், ஆல்கஹாலை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் இன்ஜினியர் இதில் பண்டிதர். “சமையல்காரரே, இது பீருக்குக் கூடப்பிறந்த தம்பி இல்ல, ஒண்ணுவிட்ட தம்பி. முகஜாடை இருக்கும், குணம் இருக்காது” என்பார்.

ஆறு மணிக்கு உன் கைக்கு ஒரு வேலை வேண்டும், தொண்டைக்குக் கொஞ்சம் கசப்பு வேண்டும். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எடுத்ததும் மஞ்சள் வகையைத் தொடாதே, தானியம் அவித்த தண்ணீர் மாதிரி இருக்கும். கோதுமைப் பீரில் ஆரம்பி. கலங்கலாக இருக்கும், பயப்படாதே. வாழைப்பழ வாசம் வரும், பின்னால் கிராம்பு. தம்ளரை முன்கூட்டியே குளிரவை. சாய்த்து ஊற்று, கடைசியில் நிமிர்த்து, நுரை இரண்டு விரல் உயரம் வரட்டும். முக்கியமாக உட்கார்ந்து குடி. நின்றுகொண்டு அவசரமாக விழுங்குவது திருடன் குடிப்பது.

அத்தானுக்கு என் வணக்கம். உன்னைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். அலை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். உன் பக்கமா தெரியவில்லை.

நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் ஐந்து வகை வாங்கினேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

கோதுமை: வாழைப்பழம் இருக்கிறது, நீ சொன்னது சரி. கிராம்பைத் தேடினேன், மூன்றாவது மடக்கில் வந்தது. அமிலத்தன்மைகூட அளந்தேன், நாலு புள்ளி மூன்று. எலுமிச்சை கலந்தது: தரை துடைக்கிற திரவம். மஞ்சள் வகை: தடை செய்தும் வாங்கினேன்; நனைந்த அட்டைப்பெட்டி. பீருக்குக் கசப்புத் தருகிற ஹாப்ஸ் பூ அதிகம் போட்ட ஒன்று இருக்கிறது. அதில் ஆரஞ்சுத் தோலைக் கடித்த கசப்பு. முதலில் முகம் சுளித்தேன். பாதிக்கு வந்தபோது அந்தக் கசப்புக்காகவே அடுத்த மடக்கைக் குடிக்கிறேன் என்று தெரிந்தது. பிராந்தியை நான் ஒருநாளும் ருசித்ததில்லை, தம்பி. அதை மாத்திரை மாதிரி விழுங்கினேன். ஒரு தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதில் என்ன இருக்கிறது’ என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரமாகக் கை நடுங்கவில்லை. காலையில் கருவி பூஜ்யம் காட்டுகிறது. அத்தான் நலம். கிளினிக்கில் கூட்டம் அதிகம்.

வேளாவேளைக்கு நீயும் சாப்பிடு. ஊருக்குச் சமைக்கிறவர்கள் அதைத்தான் மறப்பார்கள்.

அக்கா

•

மார்ச் 11

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகம்தானே?

உன் நோட்டை நான் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, யார் எழுதியது என்று சொல்லவில்லை. ‘நனைந்த அட்டைப்பெட்டி’ என்றதும் இரண்டாம் இன்ஜினியர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “பத்து வருஷமா நான் சொல்ல நினைச்ச வார்த்தை. எந்த மகராசி எழுதினது?” என்றார். அடுத்து கறுப்பு வகைக்குப் போகச் சொல்கிறார். அதை ரொம்பக் குளிர வைக்காதே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஜீரோவிலும் இரண்டு உண்டு. சிலவற்றில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று போட்டிருக்கும். சிலவற்றில் பூஜ்யம் புள்ளி ஐந்து. கறுப்பு வகை பெரும்பாலும் இரண்டாவதுதான். அரை சதவீதம் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் குடித்த கையோடு ஊதினால், வாயில் ஒட்டியிருப்பதைக் கருவி பிடித்தாலும் பிடிக்கும். எங்களையும் ஊதச் சொல்வார்கள், அதனால் தெரியும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஊது.

அத்தானுக்கு எந்த வகை பிடித்திருக்கிறது? எழுது.

தம்பி

•

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

கறுப்பு வகை நீ சொன்னதைவிட நன்றாக இருக்கிறது. கருகிய காபிக்கொட்டை, அடியில் லேசான இனிப்பு. உன் இன்ஜினியருக்கு என் நன்றியைச் சொல்.

கொப்பளிக்கச் சொன்னாய். செய்கிறேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, மாலையில் ஒருமுறை. இந்த வீட்டில் அதற்கு மட்டும் குறைவில்லை.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. வெயில் ஏறிவிட்டது. உடம்பைக் கவனி.

அக்கா

•

ஏப்ரல் 24

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் அத்தான் “ஆ சொல்லு” என்கிறார். இரண்டாவதில் அவருக்குக் கூட்டம் அதிகம். மூன்றாவதில் ஆளையே காணோம். அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன், பதில் இல்லை. எங்கே போனார்?

நீ சொல்லத் தயங்கினால் நான் முதலில் சொல்கிறேன். ஏழு வருடமாக வறண்ட கப்பலாகப் பார்த்துப் பார்த்து ஏறுகிறேன். ஏன் என்று நீ ஒருமுறையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. துறைமுகத்தில் இறங்கும் நாட்களில் இரண்டாம் இன்ஜினியர் என் பக்கத்திலேயே நடப்பார். பேச மாட்டார். கடைக்குப் போனால் கடைக்கு, முடிவெட்டப் போனால் அங்கேயும். “என்னங்க, எனக்கு நீங்க வாக்கப்பட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன். “ஆமா, ஆனா சமைக்கத் தெரியாது” என்றார்.

உன் பக்கத்தில் யார் நடக்கிறார்கள்?

தம்பி

•

மே 15

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சுகம்தான். நீயும் சுகமாக இரு. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. நீ திருப்பிக் கேட்டுவிடுவாயோ என்ற பயம்.

பிப்ரவரியில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினேனே, அது முதல் நாள் மட்டும். அன்றைக்கே அத்தானிடம் பாட்டிலைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பீர்னு போட்டிருக்கு.”

“கீழே ஜீரோன்னும் போட்டிருக்கு.”

“ஃபார்ம்ல ‘பீர் உள்ளிட்ட’ன்னு இருக்கு. ‘ஜீரோ நீங்கலாக’ன்னு இல்ல.”

“நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

“நான் பல் டாக்டர், தமிழ்ப் பண்டிதர் இல்ல. படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். பீர்னு எழுதின எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தா வெள்ளிக்கிழமை நான் பேனாவை எடுக்க மாட்டேன்.”

அவர் கெட்டவர் இல்லை. ஒன்பது வருடம் என் பேச்சை நம்பினார். இப்போது எழுத்தை மட்டும் நம்புகிறார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் நான் விடவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் டின்களை வைத்திருக்கிறேன். அவர் இப்போது ஐந்து மணிக்கே வந்துவிடுகிறார். துணியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போகிறேன். டின் திறக்கும் சத்தம் கேட்காமலிருக்க இயந்திரத்தை ஓட விடுகிறேன். சில நாள் துணி இல்லாமலும். இயந்திரத்தின்மேல் கை வைத்தபடி நின்றுகொண்டு குடிக்கிறேன், நீ வேண்டாம் என்ற விதத்தில். பிறகு அவர் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த புதினா மருந்தால் கொப்பளிக்கிறேன். வெளியே வருகிறேன். “ஆ சொல்லு.” சொல்கிறேன். திருப்தியாகத் தலையாட்டுகிறார்.

காலி டின்களைக் கைப்பையில் வைத்து அலுவலகக் குப்பையில் போடுகிறேன். பிராந்தி பாட்டிலைக் கொண்டுபோன அதே பை. ஆல்கஹால்தான் போயிருக்கிறது. ஒளிப்பது, காது கொடுப்பது, முகத்தைச் சரிசெய்துகொள்வது எல்லாம் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. கெடு முடிய இன்னும் எட்டு வாரம். சொன்னால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாவிட்டால் வேலை இல்லை. விட்டுவிடலாமே என்பாய். அந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் நான் எதைத் தேடிப் போவேன் என்று எனக்குத் தெரியும்.

என் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. எல்லாரும் எதிரே நிற்கிறார்கள்.

அக்கா

•

மே 29

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நலம். நீண்ட கடிதத்துக்கு நேரமில்லை. சரக்கு இறங்கியதும் கிளம்புகிறோம், இதைத் துறைமுகத் தபாலில் போடுகிறேன்.

அத்தானிடம் சொல்லிவிடு. அவர் நல்லபடி ஏற்றுக்கொள்வார் என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை. ஆனால் ஜீரோவை ஒளித்துக் குடித்தாலும், கை பழைய வழியிலேயே போய்ப் பழகுகிறது. நான் அப்படித்தான் ஒருமுறை குடிக்குத் திரும்பிப் போனேன்.

வேறு யாராவது உன்னைக் கண்டுபிடிப்பதற்குள் நீயே சொல்லிவிடு.

தம்பி

•

ஜூன் 4, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி நாளைக்குத்தான் தெரியும். உன் கடிதம் இன்று மதியம் வந்தது, ஒரு நாள் பிந்தி.

அத்தான் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். துவைக்கும் இயந்திரம் ரிப்பேர் என்று அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, டின்களை முந்தின நாளே கைப்பைக்கும் அலமாரிக்கும் மாற்றியிருந்தேன். இரண்டு மாலை ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வருகிற நாள். கையைப் பார்த்தேன், நடுங்கவில்லை, ஆனால் நடுங்கப்போகிற மாதிரி இருந்தது. சோதனைக்கூடத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில், எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு கறுப்பு டின்னைக் குடித்தேன். பூஜ்யம் புள்ளி ஐந்து. நீ எழுதியது ஞாபகம் வந்தது. வாசல் ஓரத்துக் குழாயடிக்குப் போய், கைப்பையில் இருந்த புதினா மருந்தை வாய் நிறைய ஊற்றி நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். நேராகப் போய் ஊதினேன்.

பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு.

காவலர் கருவியைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் எழுதினார். கெடுவில் இருப்பவர்களுக்கு இரண்டாம் முறை ஊத அனுமதி இல்லை.

அரை சதவீத டின்னுக்கு அந்த எண் வராது. வேலையைப் பிடுங்குவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, உள்ளே போய் அந்தப் புதினா மருந்தைக் காய்ச்சி வடித்து அளந்தேன். இருபத்திரண்டு சதவீதம் ஆல்கஹால். நான் விட்ட பிராந்தியில் பாதி. கிளினிக்கில் பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்த பாட்டில், அதில் லேபிளே கிடையாது. மூன்று மாதமாகத் தினம் இரண்டு வேளை, டாக்டர் கையால். காலையில் வீட்டில் கொப்பளித்துவிட்டு முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வருவதால் அது கலைந்துபோயிருக்கிறது. நீ கொப்பளி என்றது வெறும் தண்ணீரால்தானே? கப்பலில் அதுதான் அர்த்தம். பல் டாக்டர் வீட்டில் அந்த வார்த்தைக்கு இருபது வருடமாக வேறு அர்த்தம். ஒரு வேதியியல்காரி அதை ஒருமுறை முகர்ந்து பார்த்திருக்கலாம்.

மேலாளர் அம்மாவிடம் அந்த எண்ணைக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். “மருந்துன்னே வெச்சுக்குவோம். காலையில எட்டு மணிக்கு வாசல்ல நின்னு எதுக்குக் கொப்பளிச்சீங்க?”

அதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். “நாளன்னிக்கு உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவர் எழுதிக் கொடுக்கறதை வெச்சு முடிவு பண்றேன்” என்றார்.

சற்றுமுன் அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில், டின்னை நடுவில் வைத்து. அவர் லேபிளைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

“அப்ப இத்தனை ஃபார்ம்லயும் நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“உங்களுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியாதுன்னு எந்தக் கட்டத்துல எழுதறது?”

எழுந்து உள்ளே போய்விட்டார். இன்று வாயை முகரவில்லை. நாளை வருவாரா என்று கேட்டேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

ஜூன் 5

வந்தார். புதினா மருந்துப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காரை அவரே ஓட்டினார்.

வாசலில் மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். “நான் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லை. ஊர் முழுக்கக் கேட்டுப் பாருங்க” என்றார் அத்தான். மருந்தை வாயில் ஊற்றி, கணக்காக அரை நிமிடம் கொப்பளித்து, செடிக்குப் பக்கத்தில் துப்பினார். கருவியைக் கேட்டு வாங்கி ஊதினார்.

பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.

மேலாளர் அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். காவலர் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழேயிருந்து இன்னொரு பதிவேட்டை எடுத்தார்.

“சார், கார் சாவி.”

“எதுக்கு?”

“பூஜ்யத்துக்கு மேல காட்டினா சாவியை வாங்கி வெக்கணும் சார். வெளியாளா இருந்தா இருபது நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதலாம். அதுவரைக்கும் பெஞ்சுல இருங்க.”

“நான் டாக்டர்.”

“தெரியும் சார். மேடமும் கெமிஸ்ட்தான்.”

சாவியைக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு வேலைக்கு வருகிறவர்கள் உள்ளே போனார்கள். எல்லாரும் பெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி நடந்தார்கள்.

“நான் குடிக்கல” என்றார், பொதுவாக.

“தெரியும்.”

“எல்லாரும் பார்த்துட்டுப் போறாங்க.”

“ஆமா.”

“தினமுமா?”

“தினமும்.”

கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இருபது நிமிடம் முடிந்தது. இரண்டாவது முறை கருவி பூஜ்யம் காட்டியது.

மேலாளர் அம்மா எங்களை அறைக்குக் கூப்பிட்டார். “எனக்குப் புரியுது டாக்டர். வேலைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பதிவேட்டுல எழுதினதை அடிக்க முடியாது. கெடு இன்னையிலேர்ந்து புதுசா ஆறு மாசம்” என்றார். புதிய படிவக் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். இருபத்தாறு தாள்.

“இதுல ஜீரோ பீருக்குன்னு ஒரு கட்டம் போட்டுத் தர முடியுமா?” என்று அத்தான் கேட்டார்.

“தலைமை அலுவலகத்துல அச்சடிச்சு வர்றது. நான் மாத்த முடியாது டாக்டர்.”

இன்று வெள்ளிக்கிழமை. மேல் தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தேன். மூக்குக் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

நான் உள்ளே போனேன். பதினொரு தண்ணீர் மாதிரிகள் காத்திருந்தன.

அக்கா